இடிக்கிறதுக்கு முன்னாடி பங்கை எழுதிடுங்க

சென்னையில ஆத்தங்கரையோரமா இருக்கிற பழைய போர்டு வீடுங்களை, அதாவது குடிசை மாற்று வாரியம் கட்டின அடுக்குமாடி பிளாக்குங்களை, இடிச்சுட்டு உசரமா புதுசா கட்டுறதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன், இப்ப எழுதியே ஆகணும்னு ஆயிருச்சு. எங்க சின்ன அத்தை அடையாறு கரைக்குப் பக்கத்துல அப்படி ஒரு பிளாக்லதான் கல்யாணம் ஆன நாள்லேருந்து இருக்கு, அந்த பிளாக்கையும் இடிக்கப் போறாங்கன்னு அங்க பேச்சு கிளம்பினதும் வீட்டுல இருந்த அம்புட்டு பேப்பரையும் ஒரு ஜவுளிக்கடைக் கவர்ல போட்டு எடுத்துக்கிட்டு நேரா காரைக்குடிக்கு வந்திருச்சு. நான் இங்க வீட்டு பிளான் போட்டு எஸ்டிமேட் எழுதிக் குடுக்கிற வேலை பாக்குறேன். "ஏய்யா, கட்டட வேலை படிச்சவன் நீதானே நம்ம வீட்டுல, இதுல எனக்கு வீடு இருக்கா இல்லையான்னு பாத்துச் சொல்லிரு"ன்னு கவரை மேசையில கவுத்திருச்சு.

பழைய ஒதுக்கீட்டு ஆணை ஒண்ணு, தவணை கட்டின ரசீதுங்க, கரண்டு பில்லு, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், மாமா இறப்புச் சான்றிதழ். ஒதுக்கீட்டு ஆணையில பாதிக்கு மேல ஒரு பழுப்புக் கோடு குறுக்கால ஓடுது, அந்தக் கோட்டுக்குக் கீழ நீல மையில எழுதினது எல்லாம் கரைஞ்சு ஊதாக் கறையா நிக்குது. 2015 டிசம்பர் வெள்ளத்துல நனைஞ்சது, மாடியில ஒரு வீட்டுல வச்சு ஃபேன் காத்துல காயப் போட்டுக் காப்பாத்தினதா சொல்லுச்சு. கோட்டுக்கு மேல பேரு தெளிவா தெரியுது, அது அத்தை பேரும் இல்ல, மாமா பேரும் இல்ல, அத்தையோட மாமியா பேரு. அவங்க போயி எத்தனையோ வருஷமாச்சு. கோட்டுக்குக் கீழ வீட்டு எண் இருக்க வேண்டிய இடத்துல கறைதான் இருக்கு.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடுறேன், நான் இடிக்கக் கூடாதுன்னு சொல்ற ஆள் இல்ல. அந்த பிளாக்குங்க பலதும் இனி ஆளு குடியிருக்கத் தகுதியில்லாத நிலைமையிலதான் இருக்கு. குடிசை மாற்று வாரியம் ஆரம்பிச்சது 1970ல, குடிசைப் பகுதிகளுக்கான சட்டம் வந்தது 1971ல, அந்தக் காலத்துலேருந்து கட்டின தரையும் மூணு மாடியும் உள்ள பிளாக்குங்கதான் நாம மெட்ராஸ் போனா பஸ்ல இருந்து பாக்குறது. "ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்"னு பெருசா எழுதியிருப்பாங்க, குடிசையில தீப்பிடிச்சு எல்லாத்தையும் இழந்து நின்ன சனத்துக்கு காங்கிரீட் கூரைங்கிறது அப்ப எம்புட்டு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க, அதை நான் குறைச்சு சொல்ல மாட்டேன். ஆனா அப்ப ஒரு வீடுங்கிறது 200 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல, ஒரு ரூம், ஒரு அடுப்படி, ஒரு சின்ன பால்கனி. கடல் காத்தும் ஆத்து ஈரமும் சேர்ந்து அடிக்கிற இடத்துல கம்பிக்கு மேல இருக்கிற காங்கிரீட் கவர் மெல்லிசா இருந்துச்சுன்னா உப்பு உள்ள இறங்கி கம்பி துருப்பிடிக்கும், அந்தத் துரு இரும்பை விட அதிக இடம் பிடிச்சு வீங்கும், வீங்கினா மேல இருக்கிற காங்கிரீட்டைத் தள்ளிக்கிட்டு வெளிய வரும், அப்புறம் நீங்க மேல சிமெண்டு பூசுனாலும் பெயிண்ட் அடிச்சாலும் உள்ள நடக்கிறது நிக்காது. அத்தை வீட்டு அடுப்படி மேல சீலிங்ல கம்பி நாலு விரல் நீளத்துக்கு வெளிய தெரியுது, அதுல துணி காயப் போடுற கயித்தைக் கட்டி வச்சிருக்கு. போன தடவ போனப்ப அந்தக் கயித்தை நான்தான் அவுத்து விட்டேன்.

2021 டிசம்பர் 27ஆம் தேதி திருவொற்றியூர்ல ஒரு போர்டு பிளாக் அப்படியே உக்காந்துச்சு, 24 வீடு. விரிசலைப் பாத்துட்டு சனங்க முன்கூட்டியே வெளிய வந்துட்டதால ஒரு உசுரு கூட போகலை. அதே வருஷம்தான் வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேரு மாத்தினாங்க, பழைய பிளாக்குங்களைச் சோதிச்சு எதெல்லாம் தாங்காதோ அதெல்லாம் மறுகட்டுமானம்னு வேலை வேகமாச்சு. இது நடக்க வேண்டிய வேலை, நடக்கட்டும்.

என் கவலையெல்லாம் இடிச்ச நாளுக்கும் புது சாவி கையில வர்ற நாளுக்கும் நடுவுல இருக்கிற காலத்தைப் பத்திதான். அந்தக் காலத்துலதான் ஆளுங்க காணாமப் போறாங்க.

நம்ம ஊருக்காரங்களுக்கு இது சட்டுனு புரியும். செட்டிநாட்டு வீடு ஒண்ணை எடுத்துக்கங்க, வளவை, அதாவது நடு முற்றத்தை, சுத்தி கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனுக்கும் இரட்டை வீடுன்னு ரெண்டு அறை, அதுக்குத் தனிப் பூட்டு. ஆளு பர்மாவுல இருப்பாரு, மலாயாவுல இருப்பாரு, இப்ப சிங்கப்பூர்லயோ அமெரிக்காவுலயோ இருப்பாரு, விசேஷத்துக்கு மட்டும் வருவாரு, ஆனா அந்தப் பூட்டை வேற பங்காளி தொட மாட்டாங்க, ஒரு முழுப் புள்ளியோட, அதாவது கல்யாணம் ஆன ஒரு குடும்பத்தோட, பங்கு எதுன்னு வீட்டுல உள்ள சின்னப் பையனுக்குக் கூட தெரியும். வீட்டைப் பிரிச்சு விக்கிறதா இருந்தாலும் எல்லாப் பங்காளியும் கையெழுத்துப் போட்டாத்தான் முதல் தூணு இறங்கும், அப்புறம்தான் அந்தத் தேக்குத் தூணும் நிலைக்கதவும் முனீஸ்வரன் கோயில் தெருவுக் கடைகளுக்குப் போகும். கையெழுத்து வாங்காம கடப்பாரையைத் தூக்குனா கோர்ட்டு கேஸுதான், பேரன் காலம் வரைக்கும் நடக்கும். இதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா, ஆளு அங்க இல்லைங்கிறதால பங்கு இல்லாமப் போயிராது. போர்டு பிளாக்கை இடிக்கிறப்பவும் இதே முறைதான் வேணும்னு நான் சொல்றேன். கட்டடம் இல்லாத ரெண்டு மூணு வருஷமும் பங்கு உசுரோட இருக்கணும், பேப்பர்ல இருக்கணும்.

அத்தை வீட்டுக் கதையையே பாருங்க. ஒரே வீட்டுல அத்தை, பெரிய மகன், அவன் பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க, சின்ன மகன், அவனுக்கும் இப்ப கல்யாணம் ஆயிருச்சு. "மூணு குடும்பம் மருமகனே, பாய் விரிக்க இடமில்லாம சின்னவன் மொட்டை மாடியில படுக்குறான்"னுச்சு. இடிச்சுக் கட்டுறப்ப ஒரு பழைய வீட்டுக்கு ஒரு புது வீடுங்கிறதுதான் கணக்கு. அப்ப கணக்கெடுக்க வர்றவங்க முன்னாடி யாரு பேரு எழுதப்படும்? மாமியா பேர்ல இருக்கிற ஆணையை அத்தை பேருக்கு மாத்தணும்னா இறப்புச் சான்றிதழ் வேணும், தாலுகா ஆபீஸ்ல வாரிசுச் சான்றிதழ் வேணும், மாமா கூடப் பொறந்தவங்க ரெண்டு பேரு இருக்காங்க, அவங்க ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுக்கணும், அதுல ஒருத்தரு திருப்பூர் பக்கம் எங்கயோ இருக்காரு. இதெல்லாம் பிளாக் நிக்கிறப்பவே செய்யணும். பிளாக்கை இடிச்சு ஆளுங்க நாலு திசைக்குப் போனப்புறம் இதைச் செய்யறது அம்புட்டு லேசு இல்ல.

அத்தைக்காவது சொந்த மாமியா பேரு. அதே பிளாக்ல பாதிப் பேருக்கு மேல முதல்ல ஒதுக்கீடு வாங்கினவங்க கிட்ட இருந்து வெள்ளைப் பேப்பர்லயோ இருபது ரூவா பத்திரத்துலயோ எழுதி வாங்கிக் குடியிருக்கிறவங்களாம். பணம் குடுத்தது உண்மை, இருபது வருஷமா குடியிருக்கிறது உண்மை, வாரியத்தோட ரெக்கார்டுல பேரு மட்டும் இல்ல. இன்னொரு பக்கம் வாடகைக்கு இருக்கிறவங்க, அவங்களை எந்தக் கணக்குலயும் யாரும் சேர்க்கிறதே இல்ல, ஆனா ஆத்துல தண்ணி வந்தப்ப கழுத்தளவுல நின்னவங்க அவங்களும்தான். தவணை முழுசாக் கட்டி முடிச்சவங்களுக்கு விற்பனைப் பத்திரம் குடுக்கணும், அதுவும் பல இடத்துல வருஷக்கணக்கா நிலுவையில இருக்கு, ஏன்னா கட்டடம் வாரியத்தோடது, அடியில இருக்கிற நிலம் ரெக்கார்டுல வேற துறை பேர்ல இருக்கும். பத்திரம் இருந்தா நிலத்துல பிரிபடாத பாகம்னு உங்களுக்கு ஒரு பங்கு உண்டு, வெறும் ஒதுக்கீட்டு ஆணை மட்டும் இருந்தா உங்களுக்கு இருக்கிறது குடியிருக்கிற உரிமை மட்டும்தான். தனியார் ஃபிளாட்டை இடிச்சுக் கட்டுறப்ப எல்லாரும் பிரிபடாத பாகத்தை வச்சு பில்டர் கிட்ட பேரம் பேசுறாங்கல்ல, இவங்க கையில அந்தத் துருப்பு கெடையாது. அதனாலதான் எழுத்துல வாங்கணும்னு நான் திரும்பத் திரும்ப சொல்றேன்.

அப்புறம் வாடகை. மறுகட்டுமானத்துக்காக வெளிய போற குடும்பத்துக்கு கருணைத் தொகைன்னு முன்னாடி 8,000 ரூவா குடுத்தாங்க, அதை 24,000மா உசத்தினாங்க, மூணு மடங்கு, நல்ல விஷயம். ஆனா கட்டுமானம் ரெண்டு வருஷம்னு வச்சா மாசத்துக்கு 1,000 ரூவா வருது. அடையாறு, கோட்டூர்புரம், சைதாப்பேட்டை பக்கம் ஆயிரம் ரூவாய்க்கு எங்கய்யா வீடு கெடைக்கும்? அட்வான்ஸ் வேற. அத்தை நாலு வீட்டுல வேலை பாக்குது, காலையில ஆறு மணிக்கு முதல் வீட்டுல வாசல் தெளிக்கணும், அந்த வீடுங்களுக்கு நடந்து போற தூரத்துல இருந்தாத்தான் வேலை. பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ அந்தப் பக்கமோ போயிட்டா போக வர வண்டிச் செலவும் நேரமும் போக என்ன மிஞ்சும்னு அத்தையே விரல் விட்டு எண்ணிக் காமிச்சுது. கூவம், அடையாறு கரையில இருந்து எடுத்து அங்கிட்டுக் கொண்டு போயி விட்ட சனத்துல எத்தனை பொம்பளைங்க முத வருஷமே வேலையை விட்டாங்கன்னு அந்தப் பகுதியில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

இன்னொண்ணு, வீட்டோட அளவு. புது வீடு 400 சதுர அடின்னு சொன்னா சனங்க 400 சதுர அடி உள்ள இருக்கும்னு நெனச்சுக்கிறாங்க. பிளிந்த் ஏரியாங்கிறது சுவரையும் சேர்த்து அளக்கிறது, பல சமயம் பால்கனி, பொது நடைபாதையோட பங்கு எல்லாம் அதுல வந்துரும். கார்ப்பெட் ஏரியாங்கிறதுதான் நீங்க பாய் விரிக்கிற எடம். 2015ல வந்த பிரதமர் வீட்டு வசதித் திட்டத்துல நலிந்த பிரிவு வீட்டுக்கு கார்ப்பெட் ஏரியா 30 சதுர மீட்டர் வரைக்கும்னு வச்சிருந்தாங்க, அதாவது 320 சதுர அடி சொச்சம். பழைய வீட்டை விடப் பெருசுதான், சந்தேகமில்ல, தனி கக்கூஸு குளியலறை எல்லாம் உள்ளயே இருக்கும். ஆனா வீட்டுக்குள்ள எம்புட்டு, சுவருக்கு எம்புட்டுன்னு பிளானைக் காட்டச் சொல்லிக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, பிளானை பிளாக் வாசல்ல ஒட்டச் சொல்லுங்க. பயனாளி பங்குத்தொகைன்னு ஒண்ணு கட்டச் சொல்லுவாங்க, அது எவ்வளவு, எப்ப, பேங்க் லோனா தவணையா, கட்ட முடியாத விதவைங்க வயசானவங்களுக்கு என்ன வழி, இதையும் இடிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுறணும். புளியந்தோப்புல கே.பி. பார்க்னு பேருள்ள வாரியக் குடியிருப்பைக் கட்டி முடிச்சப்புறம்தான் இந்தத் தொகையைப் பத்தின தகராறு பெருசாச்சு, அதே வருஷம் 2021ல பூச்சு தொட்டா உதிருதுன்னும் ஊரே பேசுச்சு. கட்டுறப்பவே அந்த சனத்துல நாலு பேரை கூட வச்சுக்கிட்டு காங்கிரீட்டை கியூப் கியூபா வார்த்து எடுத்து அதோட பலத்தைச் சோதிச்சிருந்தா அவ்வளவு தூரம் போயிருக்குமா? கொத்தனாரும் சித்தாளும் கம்பி கட்டுறவனும் அந்த பிளாக்லயே குடியிருக்காங்க, கலவை எப்படி இருக்குன்னு அவங்க ஒரு பார்வையில சொல்லிருவாங்க.

வெளிநாட்டுல இதை எப்படி செய்யறாங்கன்னு தேடுனப்ப எனக்கு டொராண்டோ கதைதான் ரொம்பப் பிடிச்சுது, கூடப் படிச்ச நண்பன் அங்க இருக்கான், அவன் ஒரு ஞாயித்துக்கெழமை வீடியோ காலைப் போட்டுக்கிட்டே டான் ஆத்துப் பக்கம் நடந்து காமிச்சான். பெரிய நகரத்துக்கு நடுவுல பள்ளத்தாக்கு, முழுக்க மரம், நடைபாதை, சைக்கிள் பாதை. இம்புட்டு விலை போற ஊருல ஏன் அங்க யாரும் கட்டடம் கட்டலைன்னா அதுக்கு ஒரு சோகமான காரணம் இருக்கு. 1954 அக்டோபர் 15ஆம் தேதி ஹேசல்னு ஒரு சூறாவளி, அந்த ஊரு இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்துல 81 பேரு செத்தாங்க, அதுல 35 பேரு ஒரே தெருக்காரங்க, ஹம்பர் ஆத்தோரம் இருந்த ரேமோர் டிரைவ்னு ஒரு தெரு. அதுக்கப்புறம் வெள்ளம் வர்ற நிலத்துல வீடு கட்டக் கூடாதுன்னு முடிவெடுத்து, நிலத்தை அரசாங்கமே வாங்கி, 1957ல அதுக்குன்னு ஒரு பாதுகாப்பு ஆணையம் அமைச்சு, அந்தப் பள்ளத்தாக்குங்களைப் பூங்காவா விட்டாங்க. ஆளு செத்த அந்தத் தெரு இருந்த இடமும் இப்ப பூங்காதான். டான் ஆறு நம்ம கூவம் மாதிரியே நாறிக் கெடந்த ஆறு, 1969ல அங்க உள்ள ஆர்வலருங்க ஆத்துக்கு சவ ஊர்வலமே நடத்தினாங்க.

அந்தப் பள்ளத்தாக்கோட கெழக்குக் கரை மேட்டுல டான் மவுண்ட் கோர்ட்னு ஒரு அரசுக் குடியிருப்பு இருந்துச்சு, 232 வீடு. கட்டடம் பழுதாகிப் போச்சுன்னு இடிச்சாங்க. அதே இடத்துல அந்த 232 வாடகை வீட்டையும் முழுசாத் திரும்பக் கட்டுனாங்க, கூடவே 187 வீடு வெளிச் சந்தையில வித்தாங்க, விக்கிற வீட்டுப் பணம் செலவுல ஒரு பங்கைத் தாங்கும். மேற்குப் பக்கம் கொஞ்சம் தள்ளி ரீஜென்ட் பார்க், 69 ஏக்கரு, 2,083 குடும்பம், கனடாவோட முதல் பெரிய அரசுக் குடியிருப்பு, அங்க நம்ம ஈழத்துத் தமிழர் குடும்பங்களும் இருந்திருக்காங்க. 2005 வாக்குல மறுகட்டுமானம் தொடங்கி இன்னும் கட்டம் கட்டமா நடந்துக்கிட்டு இருக்கு. எனக்கு முக்கியமாப் பட்டது என்னன்னா, வெளிய போற ஒவ்வொரு குடும்பத்துக்கும் திரும்பி வர்ற உரிமைன்னு ஒண்ணை எழுத்துல குடுத்திருக்காங்க. வீடு மாத்துற செலவு அவங்களோடது, வெளிய இருக்கிற காலத்துக்கும் அரசு வாடகை வீடே குடுத்தாங்க, வாடகை வருமானத்துல 30 சதவீதம்ங்கிற கணக்கும் மாறலை. எல்லாத்தையும் ஒரே நாள்ல இடிக்காம ஒரு பகுதி, அது முடியறப்ப அடுத்த பகுதின்னு போனதால பாதிப் பேரு கண்ணு முன்னாடியே தங்க புது வீடு எழும்புறதைப் பாத்தாங்க.

அதுக்காக அங்க எல்லாம் சரியா நடந்துச்சுன்னு நான் சொல்லலை. முதல் கட்டத்துல மாற்று வீடுங்களை முழுக்க அதே இடத்துல கட்டலை, கொஞ்சத்தை பக்கத்துப் பகுதிகள்ல கட்டினாங்க, அதுக்கு சனங்க கோவப்பட்டாங்க. வெளிய போன எல்லாரும் திரும்பியும் வரலை, வருஷம் இழுத்துக்கிட்டே போனா புள்ளைங்க பள்ளிக்கூடம் மாறிரும், வேலை மாறிரும், அப்புறம் உரிமை கையில இருந்தும் கால் வராது. காலக்கெடு எம்புட்டு முக்கியம்ங்கிறதை இதுலேருந்துதான் நான் புரிஞ்சுக்கிட்டேன்.

இப்ப ஆத்துக்கு வர்றேன். 2015 டிசம்பர் முதல் ரெண்டு நாள்ல செம்பரம்பாக்கம் ஏரியிலேருந்து அடையாறுக்கு நொடிக்கு 29,000 கன அடி திறந்தாங்கன்னு அரசாங்கமே சொன்ன கணக்கு. கோட்டூர்புரம் போர்டு பிளாக்குங்கள்ல முதல் மாடி வரைக்கும் தண்ணி ஏறுச்சு. அந்தக் கோட்டூர்புரத்துலயேதான் ஆத்தங்கரையில ஒரு மரப் பூங்காவும் இருக்கு, குப்பை கொட்டிக் கெடந்த இடத்தை 2006லேருந்து நிழல்ங்கிற அமைப்பு மரம் நட்டு நட்டு காடா ஆக்குனது, நாட்டு மரங்களாப் பாத்து வச்சிருக்காங்க, நான் போனப்ப பூவரசும் நீர்மருதும் அடர்த்தியா நின்னுச்சு. ஒரு பக்கம் போர்டு வீடு, ஒரு பக்கம் காடு, நடுவுல ஆறு போற வழி. இதை விட ஒரு நல்ல இடத்தை ஏழை சனத்துக்கு யாரு குடுக்க முடியும் சொல்லுங்க, பிரச்சனை தண்ணி வர்ற நாலு நாள்தான், அதுக்குத்தான் வடிவமைப்பு. தரை மட்டத்துல வீடே வேணாம், தூணு மேல தூக்கிட்டு, 2015ல தண்ணி நின்ன அளவை எல்லாத் தூணுலயும் பெயிண்ட் அடிச்சு வச்சு, அதுக்கு மேலதான் மீட்டர் பாக்ஸு, மோட்டார், ஜெனரேட்டர் எல்லாம் வரணும். ஆத்துக்கு எம்புட்டு இடம் விடணுமோ அதை ஆத்துக்கு விட்டுறணும், அந்த இடம்தான் பூங்கா, மழை வந்தா பூங்கா முழுகட்டும், ரெண்டு நாள்ல வடிஞ்சிரும்.

நம்ம பக்கம் ஊரணி வெட்டினவங்க வாரத்துக்காலை, அதாவது ஊரணிக்குத் தண்ணி வர்ற வாய்க்காலை, மறிச்சு ஒரு திண்ணை கூட கட்ட விடலை, வீட்டுக் கூரைத் தண்ணி தெருவுல இறங்கி ஊரணிக்குப் போற வழி ஒவ்வொரு ஊருலயும் அளந்து வச்சது. காரைக்குடி 2024ல மாநகராட்சி ஆயிருச்சு, இனி இங்கயும் அடுக்குமாடி நெறைய வரும், அந்த வாரத்துக்கால் எல்லாம் வரைபடத்துல இருக்கான்னு நம்ம ஆளுங்க இப்பவே பாத்து வைக்கணும், அது பெரிய கதை, தனியா எழுதுறேன்.

ஆத்தங்கரைப் பூங்கான்னு சொன்னதும் எனக்கு இன்னொரு பயம். பூங்கா வந்தா நிலத்துக்கு மதிப்பு ஏறும், மதிப்பு ஏறுனா இந்த சனம் இங்க எதுக்குன்னு ஒரு பேச்சு கிளம்பும். அடையாறு கழிமுகத்துல தொல்காப்பியப் பூங்கா 2011ல திறந்தாங்க, 58 ஏக்கரு, குப்பை மேட்டை எடுத்து மறுபடியும் சதுப்பு நிலமாக்கி பறவைங்க வர வச்சது பெரிய வேலை, அதைப் பாராட்டணும். ஆனா ஆரம்பத்துல வாரத்துல சில நாள் மட்டும், முன்கூட்டியே பதிவு பண்ணினவங்களுக்கு மட்டும்னு வச்சிருந்தாங்க. சதுப்பு நிலத்தைக் காப்பாத்த அது தேவையா இருந்திருக்கலாம், ஆனா குடியிருப்பை ஒட்டி வர்ற பூங்காவுக்கு அந்த முறை ஆகாது. அத்தை கிட்ட கேட்டேன், பூங்கா வந்தா உங்களுக்கு என்ன வேணும்னு. யோசிக்காம சொல்லுச்சு, "கேட்டு எங்க பிளாக் பக்கம் இருக்கணும், ராத்திரி எட்டு மணி வரைக்கும் லைட்டு எரியணும், பொம்பளைக உக்காந்து பேச ஒரு திண்ணை, அம்புட்டுத்தான்." பூங்கா பராமரிப்பு வேலையை அந்த பிளாக்கு ஆளுங்களுக்கே குடுத்தா எவனும் அங்க குப்பை கொட்ட மாட்டான்னும் சொல்லுச்சு, எந்த கன்சல்டன்ட் ரிப்போர்ட்டும் இதை விடத் தெளிவா சொல்லிர முடியாது.

வாசல்ல இஸ்திரி போடுறவரு, இட்லிக்கடை போடுற அக்கா, மீன் விக்கிற ஆயா, இவங்க பொழப்பு எல்லாம் தரைத் தளத்தை நம்பி இருக்கு. ஒம்பதாவது மாடியில வீடு விழுந்தா இஸ்திரி வண்டி எங்க நிக்கும்? தூணுக்கு நடுவுல இருக்கிற இடத்தை முழுக்க பார்க்கிங்னு கோடு போட்டுட்டா இவங்களுக்கு வழி இல்ல. வயசானவங்களுக்கும் கால் முடியாதவங்களுக்கும் கீழ் மாடி, குலுக்கல் மத்தவங்களுக்கு, இதுவும் முன்னாடியே எழுதப்பட வேண்டியதுதான். அப்புறம் லிஃப்ட். மூணு மாடி பிளாக்ல லிஃப்ட் இல்ல, ஏறிக்கிட்டாங்க. புது பிளாக்ல லிஃப்ட் நின்னுச்சுன்னா பிரசவத்துக்குப் போற பொண்ணும் நெஞ்சு வலிக்காரரும் மேலயே மாட்டிக்குவாங்க. லிஃப்ட்டுக்கும் மோட்டாருக்கும் மாசம் எவ்வளவு, அதுல சங்கம் எவ்வளவு, வாரியம் எவ்வளவு, மெக்கானிக்கை யாரு கூப்பிடணும், இதுக்குப் பதில் இல்லாம சாவி வாங்கக் கூடாது.

நானும் அத்தையும் உக்காந்து ஒரு மனு எழுதினோம். அத்தை சொல்ல சொல்ல நான் எழுதினேன், சில வரியை அடிக்கச் சொல்லுச்சு, "கெஞ்சுற மாதிரி இருக்கு, எடுத்துரு"ன்னுச்சு. குடும்பத் தலைவி பேரு, பழைய வீட்டு எண், இப்ப அங்க இருக்கிற எல்லாரு பேரு, வெளிய போற தேதி, திரும்பி வர்ற தேதி, தேதி தள்ளிப்போனா மாச மாசம் வாடகை எவ்வளவு சேர்த்துக் குடுப்பாங்கங்கிறது, பங்குத்தொகை, கார்ப்பெட் ஏரியா, எல்லாத்துக்கும் அதிகாரி கையெழுத்தோட ஒரு பேப்பர் குடும்பத்துக்கு ஒண்ணு. கறைபட்டுப் போன அந்த ஆணைக்கு சான்றிட்ட நகல் கேட்டு தகவல் உரிமைச் சட்டத்துல தனியா ஒரு மனு, 10 ரூவா கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டி. அது வந்தா வீட்டு எண் தெளிவாயிரும், கரண்டு பில்லுல உள்ள முகவரியோட ஒத்துப் போனா வாரிசுப் பேரு மாத்துறது சுலபமாகும். திருப்பூர்க்காரரைத் தேடுற வேலையை பெரிய மகன் கிட்ட விட்டிருக்கோம்.

அத்தை மனுவை இருபது ஜெராக்ஸ் எடுக்கச் சொல்லி வாங்கிக்கிட்டுப் போயிருக்கு, பேரையும் எண்ணையும் காலியா விட்டு. அதே படியில, அதே மாடியில இருக்கிறவங்களுக்குக் குடுத்து ஒரே நாள்ல எல்லாரும் சேர்ந்து போயி குடுத்து, எல்லாத்துக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கணும்னு ஏற்பாடு. உங்கள்ல யாராவது பழைய போர்டு பிளாக்ல இருந்து வெளிய போயி, புதுசுக்குத் திரும்பி வந்தவங்களா இருந்தா கீழ எழுதுங்க, எத்தனை மாசம் வெளிய இருந்தீங்க, மாசப் பராமரிப்பு எவ்வளவு கட்டுறீங்க, லிஃப்ட் ஓடுதா, உங்க கையில என்ன பேப்பர் குடுத்தாங்கன்னு. பேப்பரோட ஃபோட்டோ இருந்தா பேரை மறைச்சுட்டு அனுப்புங்க, அத்தை பிளாக்கு சனங்க அடுத்த தடவ அதிகாரிங்க முன்னாடி போறப்ப கையில வச்சுக் காட்டட்டும்.